எரர் கோடு சொல்வது சர்க்யூட்டை, சாமானை அல்ல

அன்புள்ள மச்சி,

உன் கடிதத்தில் பாதி வண்டிப் புராணம்தான். செக் என்ஜின் லைட் எரிகிறது, மேடு ஏறும்போது பிக்கப் இல்லை, ஒர்க்‌ஷாப்பில் டீசல் பம்ப்பையே மாற்றச் சொல்கிறார்கள். அவசரப்பட்டுப் பணத்தைக் கட்டிவிடாதே. போன மழைக்கு அப்புறம் என் டீசல் காருக்கும் இதே காய்ச்சல் வந்தது.

உன் ஸ்கேனர் கைகாட்டும் ஃப்யூல் டெம்பரேச்சர் சென்சார், அதாவது டீசலின் சூட்டை அளக்கும் சாமான், வெறும் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) இறங்கும். பாஷ் கம்பெனி சென்சார்கள் பலவற்றில் 20 டிகிரிக்கு 2500 ஓம் இருக்கும், 80 டிகிரிக்கு 300 பக்கம் வந்துவிடும். டீசல் சூடானால் நீர்த்துப்போகிறது இல்லையா, எவ்வளவு பீய்ச்சுவது என்பதை என்ஜின் கம்ப்யூட்டரான இசியூ இதை வைத்துத்தான் திருத்திக்கொள்கிறது. பம்ப்புக்கு மசகும் அந்த டீசல்தான். அதனால் ரீடிங் தப்பாக வந்தால் பல வண்டிகளில் பவரையே குறைத்துவிடும்.

ஸ்கேனரில் உனக்கு வந்த எரர் கோடு பி0183 என்கிறாய். சிக்னல் வோல்டேஜ் அதிகம் என்று அர்த்தம். அதாவது பெரும்பாலும் சர்க்யூட் எங்கேயோ அறுந்திருக்கிறது; சென்சார் செத்துவிட்டது என்று அது சொல்லவில்லை. பி0182 என்றால் நேர் எதிர், எங்கோ ஷார்ட்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் பண்ணாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஃப்யூல், கூலன்ட், உள்ளிழுக்கும் காற்று மூன்றின் சூட்டையும் ஸ்கேனரில் பார். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு மற்ற இரண்டும் ஒழுங்காக இருக்க, ஃப்யூல் மட்டும் மைனஸ் 40! தண்டையார்பேட்டையில் மைனஸ் 40. சிரித்துவிட்டேன். அடுத்து சென்சாரில் ஒயர் மாட்டும் கப்ளரைக் கழற்றி, ஒயர் பக்கத்து இரண்டு பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தேன். ஒயரிங் நன்றாக இருந்தால் ரீடிங் 100-க்கு மேல் எகிறியிருக்கும், அப்போது பழி சென்சார் மேல். எனக்கு அசையவே இல்லை. மீட்டர் வைத்தால் சிக்னல் ஒயரில் 5 வோல்ட் வருகிறது, கிரவுண்டுதான் இல்லை. டேப்பைப் பிரித்தால், கப்ளருக்குச் சற்றுத் தள்ளி செம்பு பச்சை பூத்து இற்றுப் போயிருந்தது. காசிமேட்டு உப்புக் காற்றும் தெருவில் தேங்கும் மழைத் தண்ணீரும் சேர்ந்தால் எந்த ஒயர் தாங்கும்? வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டாயிற்று. கோடு திரும்பி வரவில்லை.

நீ தொட வேண்டியது அந்தச் சின்ன கப்ளரை மட்டும். ஹை பிரஷர் பைப் பக்கம் போகாதே, காமன் ரெயில் என்ற அந்த டீசல் குழாயில் பல வண்டிகளில் 1600 பார் அழுத்தம் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் போகும், கையைக் கிழித்துவிடும். இன்னொன்று, ரிசர்விலேயே ஓட்டும் பழக்கத்தை விடு. என்ஜினிலிருந்து டேங்குக்குத் திரும்பும் டீசல் சூடாக வரும். டேங்கில் கொஞ்சமே இருந்தால் எல்லாமே சூடாகிவிடும், எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நிற்கும்போது இன்னும் மோசம்.

இங்கே அம்மா நலம். நீ ஊரை விட்டுப் போனபோது தோண்டிக்கொண்டிருந்தார்களே, அந்த மெட்ரோ 2021-லேயே விம்கோ நகர் வரை வந்துவிட்டது. நான் இப்போது பாதி நாள் அதில்தான் போகிறேன்.

காலை ரீடிங்கை எடுத்து எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தண்டையார்பேட்டைக்காரன்