வேர வெட்டிட்டு வடிகாலா?

ஆசிரியருக்கு வணக்கம். பருவமழைக்கு முன்னாடி மழைநீர் வடிகால் வேலைய முடிக்க சொல்லிருக்காங்கன்னு உங்க பேப்பர்ல செய்தி பாத்தேன், வேலை நடக்கணும்தான், 2015 டிசம்பர்ல இடுப்பளவு தண்ணில நின்னவன் வடிகால் வேணாம்னு சொல்லுவேனா. ஆனா போன மாசம் ஒரு நாள் காலைல எங்க தெருவுல ஜேசிபி வந்து நின்னுச்சு, யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல, ரெண்டு தூங்குமூஞ்சி மரத்த அடியோட சாச்சுட்டாங்க, மிச்சம் இருக்குற புங்க மரத்துக்கு ஒரு பக்க வேர் மொத்தமும் போச்சு, அறுந்த வேர் பள்ளத்துக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்க அதை ஒட்டியே கான்கிரீட் போட்டுட்டாங்க. இனி ஒரு புயல் அடிச்சா (2016 வர்தாவ அதுக்குள்ள மறந்தாச்சா?) அது எந்த கார் மேல சாயுமோ. மரத்தடி மண்ணு குடிச்சிட்டு இருந்த தண்ணியும் இனிமே அதே வடிகாலுக்குத்தான் ஓடி வரும்.

அரசு நிலத்துல மரம் வெட்ட அனுமதி தர்றதுக்குன்னே கலெக்டர் தலைமைல மாவட்ட பசுமைக் குழு இருக்கு, அந்த ஆர்டர காட்டுங்கன்னா கான்ட்ராக்டர் ஆளு சிரிக்கிறாரு. எந்த மரம் போகுது, எந்த பக்கம் தோண்டுறாங்கன்னு ஒரு ஸ்கெட்ச்ச 15 நாள் முன்னாடியே தெருமுனைல ஒட்டி, பகுதி மக்கள் கூடுற ஏரியா சபைல வெச்சு பேசிட்டு அப்புறம் ஜேசிபிய அனுப்பட்டும்.

- ஒரு வாசகர், சென்னை புறநகர்