கருத்தரிப்பு மைய மருத்துவர்களுக்கு: ஐவிஎஃப்புக்கு முந்தைய படிகளையும் சொல்லுங்கள்

தமிழ்நாட்டில் கருத்தரிப்பு மையம் நடத்தும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, உள்ள பெண்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் அது உண்டு. 'இன்னும் விசேஷம் இல்லையா?' என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக் களைத்துப்போன பிறகுதான் நாங்கள் உங்கள் வாசலுக்கே வருகிறோம். அந்த நிலையில் முதல் நாளே ஐவிஎஃப் (சோதனைக் குழாய் குழந்தை சிகிச்சை) பேக்கேஜ் விலையைச் சொன்னால், எதிர்க்கேள்வி கேட்கத் தெம்பு இருக்காது. நகையை வைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்றுதான் மனம் ஓடும். பொறுமையாக உட்கார வைத்து விளக்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி. மற்றவர்களிடம்தான் இந்த வேண்டுகோள்.

என்னென்ன சிகிச்சை உண்டு, எதை முதலில் பார்க்க வேண்டும், எதில் பலன் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு என்பதை ஒப்பிட்டு, தமிழில் எழுதி எங்கள் கையில் கொடுங்கள்.

வரிசை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று தயாரித்து, 2023-இல் புதுப்பித்த, பிசிஓடிக்கான சர்வதேச வழிகாட்டுதல் அதைத் தெளிவாகச் சொல்கிறது. முட்டை வெடிக்காதது மட்டுமே பிரச்சினை என்றால் முதலில் முட்டை வெளிவரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரை. மாத்திரையில் பலிக்காவிட்டால் ஹார்மோன் ஊசி, அல்லது லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளை வழியே கருவி விட்டு) சினைப்பையில் துளையிடும் சிகிச்சை. ஐவிஎஃப் அதற்கும் பிறகுதான். கருக்குழாய் அடைப்போ விந்தணுவில் பெரிய குறையோ இருந்தால் விஷயம் வேறு. ஆனால் அது தெரிய வேண்டுமானால் கணவரையும் தொடக்கத்திலேயே பரிசோதிக்க வேண்டும். பெண்ணுக்கு ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்து முடித்த பிறகுதான் பல வீடுகளில் அவர் பக்கம் பேச்சே போகிறது. அவரிடம் அதைச் சொல்ல எங்களைவிட உங்களால்தான் முடியும்.

மாத்திரைகளும் எல்லாம் ஒன்றல்ல. 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பிசிஓடி உள்ள 750 பெண்கள் ஐந்து சுழற்சிகள் வரை மாத்திரை எடுத்தார்கள். லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும், இதே வேலைக்கான பழைய மாத்திரையான க்ளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. அதற்கு முன் 2007-இல் வந்த ஆய்வில் க்ளோமிஃபீனுக்கு 22.5 சதவீதம், சர்க்கரை நோய்க்கும் தரப்படும் மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களுக்கு 7.2 சதவீதம். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணை மாதக்கணக்கில் வெறும் மெட்ஃபார்மினிலேயே வைத்திருப்பவர்கள், இந்தக் கணக்கை அவளிடம் சொல்ல வேண்டாமா?

லெட்ரோசோல் என்று சீட்டில் எழுதித் தந்தால் மட்டும் போதாது. இணையத்தில் தேடினால் மார்பகப் புற்றுநோய் மருந்து என்று வரும். அதோடு, கருத்தரிப்புக்கு இதைத் தரக்கூடாது என்று 2011-இல் இந்திய அரசு தடை போட்ட செய்தியும் வரும். 2017-இல் அந்தத் தடை விலக்கப்பட்டது பலர் கண்ணில் படுவதில்லை. பிறவிக் குறைபாடு வரும் என்ற பயம், 2005-இல் ஒரு மாநாட்டில் வாசிக்கப்பட்ட சிறிய ஆய்விலிருந்து கிளம்பியது. மறு ஆண்டே கனடாவில் 911 குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது லெட்ரோசோல் பிரிவில் 2.4 சதவீதம், க்ளோமிஃபீன் பிரிவில் 4.8 சதவீதம் குழந்தைகளுக்கே குறைபாடு இருந்தது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். சொல்லாததால் மாத்திரையை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டுப் பயந்துகொண்டிருக்கும் பெண்கள் இருக்கிறார்கள்.

ஊசியில் இரட்டைக் கர்ப்பத்துக்கும் சினைப்பை அளவுக்கு மீறி வீங்குவதற்கும் வாய்ப்பு கூடும். துளையிடும் சிகிச்சையில் அந்த ஆபத்து குறைவு, ஆனால் அது மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

சரி, ஐவிஎஃப்தான் வழி என்று ஆகிவிட்டாலும் தேர்வு முடிவதில்லை. சீனாவில் பிசிஓடி உள்ள 1,508 பெண்களிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், கருவை உறையவைத்துப் பிறகு கருப்பையில் வைத்தபோது 49.3 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, உடனே வைத்தபோது 42 சதவீதம். சினைப்பை வீக்கம் 7.1 சதவீதத்திலிருந்து 1.3 ஆகக் குறைந்தது. எங்களுக்கு எது பொருந்தும் என்று கேட்க, இப்படி இரண்டு வழி இருப்பதாவது தெரிய வேண்டும்.

வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, ஒன்றுக்கு மேற்பட்ட கரு தங்கும் ஆபத்து எல்லாவற்றையும் ஐவிஎஃப் போன்ற சிகிச்சைக்கு முன் விளக்குவது 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப (ஏஆர்டி) சட்டப்படி உங்கள் கடமை. எனவே அந்தத் தாளில் உங்கள் மையத்தின் கணக்கையும் எழுதுங்கள். பேனரில் போடும் வெற்றி விகிதம் ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனதையா, குழந்தை கைக்கு வந்ததையா என்று சேர்த்து எழுதுங்கள். வயதுவாரியாகப் பிரித்தும் காட்டுங்கள். அப்புறம், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வந்து முடிவு சொல்ல அவகாசம் கொடுங்கள். அதுவரை முன்பணம் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
பிசிஓடி உள்ள ஒரு பெண்