உன் காசில் வாங்க வேண்டிய புத்தகங்கள்

பாளையங்கோட்டை

அன்புள்ள தாயிக்கு,

இங்கே எல்லாரும் நலம். பிசான நடவு தொடங்கிவிட்டதால் அம்மா வயலே கதி என்று இருக்கிறாள். டீம் லீட் ஆகிவிட்டேன், சாஃப்ட்வேர் வேலைக்குக் காலத்துக்கும் நிற்கிற மாதிரி நாலு புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். அட்டையில் ஏதாவது ஃபிரேம்வொர்க் (புரோகிராம் எழுத உதவும் ரெடிமேட் சட்டகம்) பெயரும் வெர்ஷன் நம்பரும் போட்டிருந்தால் அதை ஆபீஸ் காசில் வாங்கு. உன் காசில் வாங்க வேண்டியது கொஞ்சம்தான்.

முதலில் ஃபிரெட் புரூக்ஸின் ‘த மித்திகல் மேன்-மந்த்’, 1975இல் வந்தது. ஐபிஎம் கம்பெனியில் ஓஎஸ்/360 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதும் வேலையை நடத்தி, அதில் பட்டதை எழுதியிருக்கிறார். தாமதமான ப்ராஜெக்டில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்ற வரி எல்லாருக்கும் தெரியும். காரணத்தைப் படித்தவர்கள் குறைவு. நம்ம நடவுக்குக் கூடப் பத்து ஆள் வந்தால் மதியத்துக்குள் கரையேறிவிடலாம். பக்கத்தில் நிற்கிறவளிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை. புரோகிராமில் அப்படி நடக்காது. ஐந்து பேர் என்றால் பேசிக்கொள்ள வேண்டிய ஜோடி 10, பத்துப் பேர் ஆனால் 45. புதிதாக வருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் வேலை தெரிந்த ஆள்தான் உட்கார வேண்டும். மேனேஜர் ‘இன்னும் மூணு பேர் தரட்டுமா’ என்றால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டு.

1995 பதிப்பாகப் பார்த்துப் படி. 1986இல் அவர் எழுதிய ‘நோ சில்வர் புல்லட்’ கட்டுரையும் அதில் இருக்கிறது. கருவி மாறினால் எழுதுகிற கஷ்டம் குறையும், என்ன எழுத வேண்டும் என்று தீர்மானிக்கிற கஷ்டம் போகாது என்கிறார். ஏஐ வந்துவிட்டதே, இனி எதற்குப் படிப்பு என்று கேட்கும் உன் தம்பிக்கும் படிக்கக் கொடு.

அடுத்தது புத்தகமே இல்லை. டேவிட் பார்னஸ் 1972இல் எழுதிய ஆறு பக்கக் கட்டுரை, புரோகிராமை மாட்யூலாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பது பற்றி. ஏட்டி, இதை மட்டும் தள்ளிப்போடாதே. ஒரே சின்ன புரோகிராமை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டுகிறார். முதல் விதம் நாமெல்லாரும் செய்வது: உள்ளே வாங்கு, வரிசைப்படுத்து, வெளியே தள்ளு என்று படிப்படியாக. அதில், உள்ளே வாங்கிய வரிகளை மெமரியில் வைக்கும் முறையை மாற்றினால் எல்லா மாட்யூலையும் தொட வேண்டியிருக்கும். இரண்டாவதில், நாளைக்கு மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள் ஒளித்துவைக்கிறார். மாற்றம் அந்த ஒரு இடத்தோடு முடிந்துவிடுகிறது. உங்கள் டீம் எழுதிய புரோகிராமை இந்தக் கண்ணோடு ஒரு தடவை பார்.

யாரோ எழுதிவைத்த பழைய புரோகிராம் கோடு (code) தலையில் விழுந்திருக்கிறது என்றாயே, அதற்கு மைக்கேல் ஃபெதர்ஸ் 2004இல் எழுதிய ‘வொர்க்கிங் எஃபெக்டிவ்லி வித் லெகசி கோட்’. டெஸ்ட் (கோடு சரியாக ஓடுகிறதா என்று தானே சோதிக்கும் சின்ன புரோகிராம்) இல்லாத கோடெல்லாம் லெகசி கோடு, அதாவது கை வைக்கப் பயமான பழைய கோடுதான் என்று ஒரே போடாகப் போடுகிறார். முதலில் அது இப்போது என்ன செய்கிறதோ, சரியோ தப்போ, அதையே டெஸ்டாக எழுதிவைத்துவிட்டு அப்புறம் கை வை என்பார். அதோடு மார்ட்டின் ஃபவுலரின் ‘ரீஃபாக்டரிங்’, கோடு செய்கிற வேலையை மாற்றாமல் அதன் அமைப்பைச் சீர்செய்வது பற்றி. 1999 பதிப்பில் உதாரணங்கள் ஜாவா, 2018இல் ஜாவாஸ்கிரிப்ட். மொழி மாறியது, சொல்ல வந்தது மாறவில்லை.

1994இல் நாலு பேர் சேர்ந்து எழுதிய ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ இப்போது வேண்டாம். சின்ன வேலைக்கும் அதிலுள்ள 23 பேட்டர்னையும் (அடிக்கடி வரும் சிக்கலுக்கான தயார் வடிவமைப்புகள்) கொட்டிவைக்கிற ஆசை வரும். சிக்கல் வரும்போது எடுத்துப் புரட்டிக்கொள்ளலாம்.

புரூக்ஸ் புத்தகத்தை நீ வாங்க வேண்டாம், என்னுடையதையே பார்சலில் அனுப்புகிறேன். ஓரத்தில் எழுதுவதென்றால் பென்சிலால் எழுது.

அன்புடன்,
அப்பா