கொழும்புக் கிண்ணத்துக்கு 75 வயது, இன்னும் 465,000 ரூபாய் தேவை

அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கச்சிமாரே, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். கொழும்புக் கிண்ண உதைபந்தாட்டத்தின் 75ஆம் ஆண்டு விழாவுக்கான மைதான வாடகையை இந்த மாதம் 30ஆம் திகதிக்குள் முழுதாகக் கட்டாவிட்டால் நமக்கு ஒதுக்கிய இரண்டு நாட்களும் வேறு ஆட்களுக்குப் போய்விடும். வாடகை 180,000 ரூபாய், கையில் இருப்பது 125,000.

என்ன விழா என்று இன்னும் கேட்பவர்களுக்காக மறுபடியும். இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா நான்கும் மோதிய முதலாவது கொழும்புக் கிண்ணம் 1952இல் இங்கே கொழும்பில்தான் நடந்தது, 2027இல் அதற்கு 75 வயது. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு மணிலாவில் தொடங்கியதே 1954இல், முதல் ஆசியக் கிண்ணம் ஹொங்கொங்கில் நடந்தது 1956இல். அதற்கெல்லாம் முன்னமே, நாலும் புதிதாய்ச் சுதந்திரம் கண்ட நாடுகளாக இருந்த நேரத்தில், நம்ம ஊரில் இப்படி ஒரு போட்டி! இந்தியா சும்மா வரவில்லை, அதற்கு முந்தைய வருடம் டில்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கையோடு வந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் பிரிவினைக்குப் பிறகு முதன்முதலாக உதைபந்தில் சந்தித்ததும் இங்கேதான். ஒரு கோலும் விழவில்லை, கிண்ணத்தை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

அப்புறம் 1953இல் ரங்கூன், 1954இல் கல்கத்தா, 1955இல் டாக்கா, மூன்றிலும் இந்தியாதான். பின்னாளில் ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கிய பி.கே. பானர்ஜி நாட்டுக்காக முதலில் இறங்கியது டாக்காவில். பர்மாவோ 1966இலும் 1970இலும் ஆசிய விளையாட்டுத் தங்கம் வரை போனது. நாம் ஒரு தடவைகூட இந்தக் கிண்ணத்தை வெல்லவில்லை, இதை எழுத வேண்டாம் என்று குழுவிலுள்ள மூத்தவர்கள் இருவர் சண்டையே பிடித்தார்கள். சரி, அவர்கள் மனம் ஆற ஒன்று சொல்கிறோம்: 1995இல் இதே கொழும்பில் தெற்காசியக் கிண்ண இறுதியில் இந்தியாவை 1-0 என்று வென்றோமே, அது போதாதா?

இனி கணக்கு. மைதானம் 180,000, விழாவில் ஆடும் நான்கு சிறுவர் அணிகளுக்கும் அந்தக் கால நாட்டுப் பெயர்களோடு சீருடை 240,000, படக் கண்காட்சி 310,000, நினைவு நூல் அச்சு 300,000, நடுவர், முதலுதவி, பிள்ளைகளின் சாப்பாடு 170,000. மொத்தம் 12 இலட்சம். சேர்ந்தது 735,000, அதில் கண்காட்சிக்கும் நூலுக்கும் 610,000 கட்டியாகிவிட்டது.

இவ்வளவு சேர்ந்ததே ஆண்டவன் அருளும் உங்களில் சிலருடைய மனசும்தான். ஜம்பட்டா வீதி நகைக்கடை ஐயா பெயர் போட வேண்டாம் என்று சொல்லியே ஒரு இலட்சம் தந்தார். டொரன்டோவில் இரவு வேலை பார்க்கும் நம்ம பழைய வலப்பக்க ஆட்டக்காரர் மாதாமாதம் அனுப்புகிறார், பிந்தினால் அவரே மன்னிப்புக் கேட்கிறார். மீன் சந்தைத் தம்பிமார் உண்டியல் வைத்துச் சில்லறையாகச் சேர்த்ததை எண்ணி முடிக்க ஒரு பின்னேரமே போனது. தன் தகப்பனார் சேர்த்து வைத்த பத்திரிகைத் துண்டுகளை அப்படியே தந்த டீச்சர் அக்காவுக்குப் பணத்தில் மதிப்புச் சொல்ல முடியாது. எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

மற்றவர்களிடம் உரிமையோடு கேட்கிறோம். வட்ஸ்அப்பில் இரவிரவாக உலகக் கிண்ணம் பற்றி வாதாடுகிறீர்கள், பழைய படம் போட்டால் நூறு பேர் கைதட்டுகிறீர்கள், பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் மட்டும் உங்கள் பெயரைக் காணோம். பிறந்தநாள் கேக்குக்குச் செலவழிப்பதில் பாதி போதும். ஒரு பிள்ளையின் சீருடையை நீங்கள் பொறுப்பெடுத்தால்கூடப் பெரிய உதவி. வசதி இல்லாதவர்கள் சங்கடப்பட வேண்டாம், விழா நாளில் வந்து கதிரை தூக்கினாலும் அது நன்கொடைதான்.

கொச்சிக்கடை அந்தோனியாரும் செட்டியார் தெருக் கதிரேசனும் துணை இருப்பார்கள், ஆனால் மைதானக் கந்தோரில் காசுதான் கேட்பார்கள். ஞாயிறு காலை பத்து மணி முதல் பொருளாளர் வாசிகசாலையில் இருப்பார். நேரே கொடுங்கள், பற்றுச்சீட்டு வாங்காமல் போகாதீர்கள். 30ஆம் திகதிக்கு முன் முதலில் வேண்டியது 55,000.

விழாக் குழுவினர்
கொட்டாஞ்சேனை