ட்ரைவரிட்டக் கேட்டனியோ பிள்ளை

அன்புள்ள பிள்ளைக்கு,

நேத்து நீ கோல் எடுக்கேக்க லைன் விட்டு விட்டு வந்ததால அரைவாசி விளங்கேல்ல. ஆனா ஒண்டு விளங்கினது, தென் சூடானில உன்ர நிவாரண நிறுவனத்தின்ர ஒஃபிஸ் முழுக்கவுக்கும் உன்னைச் செக்கியூரிட்டிப் பொறுப்பாப் போட்டிட்டினம் எண்டு. கொம்மா பக்கத்தில நிண்டவ, "செக்கியூரிட்டி எண்டா கேற்றில நிக்கிறதோ" எண்டு கேட்டுட்டுப் பிறகு நான் விளங்கப்படுத்தினாப் பிறகு பேசாமல் போய் அடுப்படியில இருந்திட்டா. நீ கடைசியா ஒரு கேள்வி கேட்டனி, அப்பா நீங்கள் அந்தக் காலத்தில என்னண்டு சமாளிச்சனீங்கள் எண்டு. நான் சிரிச்சுப்போட்டு வைச்சிட்டன். இரவு நித்திரை வரேல்ல. அதுதான் இப்ப திண்ணையில இருந்து போனில ஒரு விரலால ரைப் பண்ணுறன், பிழை கிழை இருந்தா பாராத.

நான் மனேஜர் இல்லை எண்டது உனக்குத் தெரியும். 2003ல இருந்து 2008 மட்டும் கிளிநொச்சியில ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில லான்ட் குறூசர் ஓடினவன். ஆனா பிள்ளை, உந்த வேலையில ஆபத்து வாறது முக்கால்வாசியும் ரோட்டிலதான், ரோட்டில இருக்கிறவன் ட்ரைவர். ஒஃபிசில இருக்கிற மப்பில, அதுதான் வரைபடத்தில, சிவப்பு மஞ்சள் பச்சை எண்டு கலர் அடிச்சு வைச்சிருப்பினம், அந்தக் கலர் போன கிழமையான் கலர். இண்டையான் கலரை நாங்கள் முறிகண்டியில கேட்டுத் தெரிஞ்சுகொள்ளுவம்.

முறிகண்டிக் கதையைச் சொல்லத்தான் வேணும். ஏ9 ரோட்டில போற வாற எந்த வாகனமும் பிள்ளையாரிட்ட நிப்பாட்டாமல் போகாது, தேங்காய் உடைச்சு, கற்பூரம் கொளுத்தி, ஒரு பை கச்சான் வாங்கிக்கொண்டுதான் ஏறுறது. புதுசா வந்த ஒரு செக்கியூரிட்டிக்காரர், வெளிநாட்டு முன்னாள் ஆமிக்காரர், சட்டம் போட்டார், திட்டத்தில இல்லாத இடத்தில வாகனம் நிப்பாட்டப்படாது எண்டு. புத்தகத்தின்ர படி சரிதான். ஆனா எங்களுக்கு அந்தக் கச்சான் விக்கிற அம்மாமார்தான் றேடியோ. "தம்பி மாங்குளத்துக்கு அங்கால காலமை ஒரு சத்தம் கேட்டது, பஸ் இன்னும் வரேல்ல" எண்டு அவை சொன்னா அது எந்த ரிப்போட்டையும் விடத் திறம். அதோட நிக்காமல் போற வெள்ளை வாகனத்தைப் பாத்துச் சனம் என்ன நினைக்கும்? கறுத்தக் கண்ணாடியை ஏத்திக்கொண்டு போறவை யாருக்கு உதவி செய்ய வந்தவை எண்டுதான். உங்கட புத்தகங்களில மூண்டு வழி எண்டு எழுதியிருக்கு எண்டு நீ சொன்னனி, சனம் ஏத்துக்கொள்ளுறது ஒண்டு, மதில் முள்ளுக்கம்பி போட்டுக் காக்கிறது ஒண்டு, துவக்குக் காட்டிப் பயப்படுத்துறது ஒண்டு. அந்த முதலாவதைக் கடைசியா நாங்கள் பதினைஞ்சு நிமிசமா மாத்தி அவரின்ர திட்டத்திலயே எழுதுவிச்சனாங்கள், "முறிகண்டி, ஓய்வு" எண்டு.

இனி என்ர சில்லறைப் புத்தியளைச் சொல்லுறன், உனக்கு இதெல்லாம் ட்ரெயினிங்கில சொல்லியிருப்பினம், எண்டாலும் கேள். வாகனத்தை வளவுக்குள்ள பின்பக்கமா விட்டு மூக்கை கேற்றுக்கு நேரை வைச்சு நிப்பாட்டவேணும், அவசரத்தில திருப்பிக்கொண்டு நிக்க நேரமில்லை. எண்ணெய் ராங்க் அரைவாசிக்குக் கீழ போகவே விடக்கூடாது. காலமை ரோட்டில முதலாவது வாகனமாப் போகாத, ஆரும் ஒருத்தர் போய் வரட்டும், பால்காரனோ மாட்டு வண்டிலோ. செக்பொயின்ற் கிட்ட வரேக்க வேகத்தைக் குறைச்சு, கண்ணாடியை இறக்கி, இரவெண்டா உள்ளுக்கு லைற்றைப் போட்டு, கை ரெண்டையும் ஸ்ரியரிங்குக்கு மேல தெரிய வைக்கவேணும். துவக்கு வைச்சிருக்கிறவனுக்கும் பயம்தான் பிள்ளை, அவனைத் திடுக்கிட வைக்கப்படாது. அவன் பதினெட்டு வயசுப் பொடியனெண்டா இன்னும் கவனம்.

எல்லாத்துக்கும் மேல ஒண்டு. பள்ளிக்கூடம் போற நேரத்தில ரோட்டில வெள்ளைச் சட்டைப் பிள்ளையள் இல்லையெண்டா வாகனத்தைத் திருப்பு. ஏனெண்டு பிறகு விசாரி.

இந்த இடத்தில ஒரு கதை, உனக்கு இது முந்திச் சொல்லேல்ல. 2007ல ஒருநாள் முழங்காவில் பக்கம் போறம், பின்னால இருந்தது புதுசா வந்த மனேஜர் பிள்ளை, உன்ர இப்பத்தைய வயசுதான் இருக்கும், நல்ல பிள்ளை, ஆனா அண்டைக்கு எப்பிடியும் போய்ச் சேரவேணும் எண்டு நிண்டா, கொழும்பில இருந்து ஆரோ ரிப்போட் கேக்கினமாம். ஒரு சந்தி தாண்டினாப் பிறகு ரோட்டில ஒரு குஞ்சு குருமானும் இல்லை. கடையள் பூட்டு. நாய் கூட இல்லை. நான் சொன்னன், அக்கா இது சரியில்லை எண்டு. அவ மப்பைப் பாத்திட்டு இது பச்சை எண்டா. திரும்பச் சொல்ல எனக்குப் பயம், கொன்ராக்ட் மூண்டு மாதத்துக்கு ஒருக்காத்தான் புதுப்பிக்கிறது, வீட்டில நீங்கள் மூண்டு பேர். அதால நான் வாகனத்தை ஓரங்கட்டி பொனற்றைத் திறந்து றேடியேட்டர் கொதிக்குது எண்டு பொய் சொன்னன். அரை மணித்தியாலம் நிண்டுட்டுத் திரும்பி வந்தம். அண்டைக்கு அந்த ரோட்டில ஏதும் நடந்ததோ? ஒண்டும் நடக்கேல்ல. எனக்குக் கிடைச்சது வாகனம் ஒழுங்காப் பராமரிக்கேல்ல எண்டு ஒரு எச்சரிக்கைக் கடிதம்.

நான் செய்தது சரியோ பிழையோ இண்டைக்கும் தெரியாது. ஆனா ஒரு ட்ரைவர் உயிர்ப்பயத்தில பொய் சொல்லித்தான் வாகனத்தை நிப்பாட்ட வேணும் எண்டா அந்த ஒஃபிசின்ர செக்கியூரிட்டித் திட்டம் கடதாசிதான். நீ போன உடன செய்யவேண்டிய முதல் வேலை இதுதான், ட்ரைவர்மார் எல்லாரையும் கூப்பிட்டு, மனேஜர்மாரை வெளியில விட்டுட்டு, வேண்டாம் எண்டு சொன்னா சம்பளமோ வேலையோ போகாது எண்டு அவையின்ர பாஷையில சொல்லு. சொல்லிப்போட்டு விடாத, எழுத்தில குடு. முதல் தரம் ஒருத்தன் வேண்டாம் எண்டு திரும்பி வரேக்க ஒஃபிஸ் என்ன செய்யுது எண்டு மற்ற எல்லா ட்ரைவரும் பாத்துக்கொண்டிருப்பினம், அண்டைக்கு நீ அவனுக்கு ஒரு பிளேன்ரீ ஊத்திக் குடுத்தாப் போதும்.

றேடியோவைப் பற்றியும் சொல்லவேணும். எங்களிட்டத் தூரத்துக்குக் கதைக்கிற கோடான் றேடியோ செற் இருந்தது, கையில வாக்கி. வெளிக்கிடேக்க, இடையில, போய்ச் சேர்ந்த உடன எண்டு எல்லாத்தையும் சொல்லவேணும், றேடியோ றூமில ஒரு அக்கா இருந்தவ, வெள்ளைப் பலகையில எழுதிக்கொண்டே இருப்பா. ஆபத்தெண்டா சொல்லுறதுக்கு ஒரு ரகசியச் சொல்லு வைச்சிருந்தவை, மாதாமாதம் மாத்துவினம், ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்கிறேல்ல. ஆனா அந்த அக்காவுக்கு எங்கட குரலிலயே தெரிஞ்சிடும். இப்ப உங்களுக்கு வாகனத்தைக் கொம்பியூட்டரில பாக்கலாம், போன், சற்றலைற் எல்லாம் இருக்கு. நல்லதுதான். எண்டாலும் ஆறு மணிக்கு ஆள் வந்து சேரேல்ல எண்டா ஆர் எழும்பித் தேடுறது, எத்தினை நிமிசத்தில, ஆருக்குக் கோல் எடுக்கிறது எண்டு ஒரு ஆளின்ர பேர் இருக்கோ? மெசின் தேடாது.

மூதூர் கதை உனக்குத் தெரியும், தெரிஞ்சாலும் சொல்லுறன். 2006 ஆவணி 4, பட்டினிக்கு எதிரான அந்தப் பிரெஞ்சு நிறுவனத்தின்ர உள்ளூர் ஆக்கள் 17 பேர், தங்கட ஒஃபிஸ் வளவுக்குள்ளயே, நிறுவனத்தின்ர ரீசேட்டோட குப்புறக் கிடந்தவை. அந்தச் செய்தி வந்த அண்டைக்கு எங்கட ஒஃபிசில ஒருத்தரும் கதைக்கேல்ல. நானும் போட்டிருந்தது ரீசேட்தான், வேற நிறுவனத்தின்ர. ஒஃபிசுக்குள்ள இருந்தாப் பாதுகாப்பு, லோகோ தெரிஞ்சாச் சுடமாட்டினம் எண்டதெல்லாம் அண்டையோட எங்களுக்கு முடிஞ்சுது. அதுக்காக லோகோ வேண்டாம் எண்டு சொல்லேல்ல, ஆர் அதை மதிக்கினம், இண்டைக்கும் மதிக்கினமோ எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கவேணும் எண்டுறன். அப்பிடித்தான் நாங்கள் நிக்கிற இடத்தின்ர ஜிபிஎஸ்ஸைச் சண்டை பிடிக்கிறவைக்குக் குடுக்கிறதும். 2009 தையில சுதந்திரபுரத்தில சாப்பாட்டு லொறியளோட வந்த ஐநா ஆக்கள் தாங்கள் நிக்கிற இடத்தை ஆமிக்கு அறிவிச்சுப்போட்டுத்தான் பங்கர் வெட்டி இருந்தவை, பாதுகாப்பு வலயம் எண்டு அரசாங்கமே அறிவிச்ச இடம். இரவு ஷெல் விழுந்தது. அதுக்கு மேல உனக்கு நான் எழுதத் தேவையில்லை, உனக்கு அப்ப பன்ரெண்டு வயசு.

இப்ப நான் சொல்ல வந்த விசயத்துக்கு வாறன். 2008 புரட்டாதியில அரசாங்கம் எல்லா நிறுவனத்தையும் வன்னியை விட்டு வெளிக்கிடச் சொன்னது. கிளிநொச்சியில ஐநா ஒஃபிசுக்கு முன்னால சனம் போய் நிண்டு போகாதேங்கோ எண்டு கேட்டது. அவை போயிட்டினம். எங்கட ஒஃபிசில கடைசி நாள் என்னட்டச் சொன்னவை வாகனத்தைக் கழுவித் தரச்சொல்லி. நான் கழுவினன். திறப்பைக் குடுத்தன். பெரியவர் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதார், அவரில எனக்குக் கோவமில்லை. எங்களுக்கு வெளிக்கிட இயக்கம், புலியள், பாஸ் குடுக்காது, குடுத்தாலும் அம்மம்மாவையும் உங்களையும் விட்டுட்டு எங்க போறது. என்ர கோவம் வேறை. ஒரு ஃபைல் இருந்தது, ஒஃபிசின்ர வெளியேற்றத் திட்டம், பிறகுதான் பாத்தன். அதில வெளிநாட்டு ஆக்களுக்கு ஆள் ஆளாப் பேர், பாஸ்போட் நம்பர், எந்த வாகனம், எந்த சீற் எண்டு இருந்தது. எங்களைப் பற்றி ஒரு வரி, உள்ளூர் ஸ்ராஃப் வீடுகளுக்கு அனுப்பப்படுவர் எண்டு. வீடு எங்க இருக்கு எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. வீடு ஷெல் விழுற பக்கத்தில இருந்தது.

அங்க உன்ர ஃபைலைத் திறந்து பார். நீ இப்ப அங்க வெளிநாட்டு ஆள், பாஸ்போட் நம்பர் எழுதுற பக்கத்தில உன்ர பேர் இருக்கும். அதை யோசிக்க எனக்குப் பெருமையும் வருது, ஏதோ ஒரு மாதிரியும் இருக்கு. மற்றப் பக்கத்தில இருக்கிறவைக்கு என்ன எழுதியிருக்கு? குடும்பம் எத்தினை பேர், எந்த இனம், எந்த ஊருக்குப் போனா அவனுக்கு ஆபத்து, மூண்டு மாதச் சம்பளத்தை முன்கூட்டியே குடுக்க ஏலுமோ, இன்சூரன்ஸ் அவனுக்கும் இருக்கோ. கேற்றில நிக்கிற காவல்காரன் வேற கொம்பனியின்ர ஆள் எண்டு கணக்கில எடுக்காமல் விடுவினம், அவனையும் எழுது.

ஏன் இப்பிடி நச்சரிக்கிறன் எண்டா, 2024ல உலகம் முழுக்க 380க்கு மேல நிவாரணப் பணியாளர் செத்தவை எண்டு நியூசில வாசிச்சன், அதில பெரும்பாலானவை அந்தந்த ஊர் ஆக்கள். உன்ர ஜூபாவில இருந்து பிபோருக்குப் போற ரோட்டிலயும் 2017 பங்குனியில ஆறு பேரை மறிச்சுச் சுட்டவை. நீ சொன்ன அந்த நோர்வே நிவாரண நிறுவனத்தின்ர கேஸையும் யோசிச்சன், 2012ல கென்யாவில டடாப் அகதி முகாமில அவையின்ர ஆக்களைக் கடத்தினது. முதல் போட்ட திட்டத்தை மாத்தி, ஆயுதக் காவல் இல்லாமல் போனவை. கடத்தப்பட்டு உயிரோட மீண்ட ஒருத்தர் ஒஸ்லோக் கோட்டில கேஸ் போட்டு, நிறுவனம் கவலையீனம் எண்டு 2015ல தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்பு, அதுக்குப் பிறகுதான் உங்கட பெரியவை எல்லாரும் கொஞ்சம் நிமிந்து இருக்கினம் எண்டு நீதான் சொன்னனி. அண்டைக்கு அதே இடத்தில செத்தது ஒரு ட்ரைவர். நீ கதை சொல்லி முடிச்சாப் பிறகு நான் முதல் கேட்டது அதைத்தான், ஞாபகம் இருக்கோ?

இன்னொண்டு. நைரோபி ட்ரெயினிங்கில முகமூடி போட்டவை வந்து மறிச்சு, பொய் ரத்தம் பூசி, வெடிச்சத்தம் எல்லாம் போட்டுப் பழக்கினவை எண்டு போட்டோ அனுப்பினனி. கொம்மா அந்தப் போட்டோவைப் பாத்திட்டு அண்டைக்குச் சாப்பிடேல்ல. நீ அந்த வெடிச்சத்தத்துக்கு என்ன செய்தனி எண்டு நான் கேக்கேல்ல, இப்பவும் கேக்கேல்ல. ஆனா இனி நீ ஆக்களை அதுக்கு அனுப்புற இடத்தில இருக்கிறாய். உங்க வேலை செய்யிற அந்த நாட்டுப் பிள்ளையள் அரைவாசிப் பேர் உண்மையாவே இதெல்லாம் கண்டவையாத்தான் இருப்பினம். முதலே கேட்டுட்டு அனுப்பு, விருப்பமில்லாதவனுக்கு வேற மாதிரிப் படிப்பி.

உன்ர பெரியம்மான்ர மோள் முகமாலையில இன்னும் கண்ணிவெடி எடுக்கிறாள் தெரியும்தானே. அவளவையின்ர இடத்தில அம்புலன்ஸ் வந்து நிக்காட்டி ஒருத்தரும் நிலத்தில கை வைக்கேலாது, அம்புலன்ஸ் ஒரு நாள் ரயர் காத்துப் போய் வரேல்ல, முழு ரீமும் மரத்துக்குக் கீழ பின்னேரம் மட்டும் இருந்ததாம். ஆரும் ஏசேல்லயாம். எனக்கு அதைக் கேக்கச் சந்தோசமா இருந்தது.

கை நோகுது. கொம்மா மிளகாய்த்தூளும் எள்ளுருண்டையும் கட்டி வைச்சிருக்கிறா, ஆரும் கொழும்புக்குப் போனாச் சொல்லு. மழை தொடங்கினா அங்கத்தையக் கறுத்த மண் ரோட்டில வாகனம் புதையும் எண்டனி, அப்ப பிளேனிலதான் போறியோ?

உன்ர ட்ரைவர்மாரின்ர பேரை வட்ஸ்அப்பில அனுப்பிவிடு. வாற வெள்ளி முறிகண்டிப் பக்கம் போறன், பிள்ளையாரிட்டச் சொல்லுவம். தேங்காய் விலை இப்ப ஏறிப்போச்சு, ஆக்கள் கனக்க எண்டா ஆளுக்கொரு கற்பூரம்தான்.

அன்புடன்
அப்பா