எடுத்த இடத்தை எடுத்த அன்றே எழுதிவையுங்கள்: பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் திட்டத்தைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். இதைத் தனி மின்னஞ்சலாகவே அனுப்பியிருக்கலாம். மற்ற திறமூலத் திட்டங்களில் (நிரலை எல்லோரும் பார்க்கவும் பயன்படுத்தவும் திறந்துவைக்கும் திட்டங்களில்) வேலை செய்கிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோர் பார்வைக்கும் வைக்கிறேன். விஷயம் இதுதான்: பிறர் எழுதிய நிரலை நம் திட்டத்தில் சேர்க்கும்போது அதை எங்கிருந்து, என்ன உரிமத்தில் எடுத்தோம் என்று குறித்துவைப்பது.

போன மாதம் முழுக்க ஒரே ஒரு கோப்போடு மல்லுக்கட்டினேன். தேதிகளைப் படித்துப் பிரிக்கிற கோப்பு, 212 வரி. மேலே பதிப்புரிமை வரி இல்லை, உரிமம் (எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்ற அனுமதி) பற்றி ஒரு சொல்லும் இல்லை. நம் ஆட்கள் எழுதியது அல்ல என்று பார்த்ததுமே தெரிந்தது. நாம் வரியை உள்தள்ள ஸ்பேஸ் வைப்போம், இதில் எல்லாமே டேப். கமிட் (ஒரு மாற்றத்தைச் சேமித்த பதிவு, அதற்கென ஓர் எண் உண்டு) குறிப்பில் ‘தேதி வசதி சேர்க்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தது. சேர்த்தவர் திட்டத்தை விட்டுப் போய் நாலு வருடம் ஆகிறது. கடைசியில் கைகொடுத்தது ஓர் எழுத்துப்பிழை. ஒரு கமெண்டில் (நிரலுக்குள் எழுதும் விளக்கக் குறிப்பில்) பிப்ரவரியின் ஆங்கில எழுத்துக்கூட்டில் நடுவே ஓர் ‘ஆர்’ விடுபட்டிருந்தது. அந்த வரியை அப்படியே தேடிப் பார்த்தேன். அதே பிழையோடு மூலக்கோப்பு கிடைத்தது, வேறொரு திட்டத்தில், அப்பாச்சி 2.0 உரிமத்தின் கீழ்.

நம் திட்டத்தின் உரிமம் ஜிபிஎல் (நிரலை மாற்றிப் பகிர்கிறவர் அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும் என்கிற உரிமம்) இரண்டாம் பதிப்பு மட்டும். ‘அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு’ என்ற வாசகம் நம் உரிமத்தில் இல்லை. அப்பாச்சி 2.0-இல் உள்ள காப்புரிமை (பேட்டன்ட்) விதிகள் ஜிபிஎல் 2-ஓடு ஒத்துப்போகாது என்று ஜிபிஎல்-ஐ வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையே சொல்கிறது. 2007-இல் வந்த மூன்றாம் பதிப்போடு ஒத்துப்போகும், நமக்கு அந்த வழி இல்லை. சரி, எழுதியவர்களிடமே அனுமதி கேட்போம் என்று பார்த்தால் அந்தக் கோப்பில் நாலு பேர் கைவைத்திருக்கிறார்கள். மூன்று பேர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்கள். நாலாமவருக்கு அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. அவர் எழுதிய 31 வரிகளை, மூலத்தைப் பார்த்திராத இன்னொரு நண்பர் புதிதாக எழுதித் தந்தார். ஒரு மாதமாக அதையே வாசித்துக்கொண்டிருந்த நான் அதை எழுதுவது முறையாக இருந்திருக்காது.

சேர்த்த அன்று இரண்டு வரி குறித்திருந்தால் இத்தனை அலைச்சலும் இருந்திருக்காது. அன்றைக்கே வேறு நூலகத்தை (பிறர் பயன்படுத்த எழுதிவைத்த நிரல் தொகுப்பை) தேடியிருப்போம். என் கோரிக்கை இதுதான்: வெளியீட்டுக்கு முந்தின வாரம் உரிமங்களைச் சரிபார்க்கலாம் என்ற வழக்கத்தை விட்டுவிடுங்கள். நிரல் உள்ளே வருகிற அன்றே அதன் பூர்வீகமும் உள்ளே வரட்டும்.

இதைப் பெரிய திட்டங்கள் படுகிற கவலை என்று நினைக்காதீர்கள். 2021 மார்ச்சில் மைம்மேஜிக் என்ற சின்ன நூலகத்துக்கு (ரூபி என்ற நிரல்மொழியில் எழுதியது) நடந்தது நினைவிருக்கும். நூலகம் நிபந்தனை மிகக் குறைந்த எம்ஐடி உரிமத்தில் இருந்தது. அதற்குள்ளே இருந்த கோப்பு வகைப் பட்டியல் ஜிபிஎல் உரிமம் கொண்ட வேறொரு திட்டத்திலிருந்து வந்தது. அதை ஒருவர் சுட்டிக்காட்டியதும் பழைய பதிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. இணையதளங்கள் கட்டப் பயன்படும் ரெயில்ஸ் அந்த நூலகத்தை நம்பியிருந்ததால் எத்தனையோ பேருடைய பில்ட் (நிரலைத் தொகுத்து இயக்கத் தயாராக்கும் வேலை) ஒரே நாளில் நின்றுபோனது. இத்தனைக்கும் அது நிரல்கூட இல்லை, ஒரு தரவுக் கோப்பு.

‘எம்ஐடிதானே, என்ன வேண்டுமானாலும் செய்யலாம்’ என்கிற பேச்சும் நம் குழுவில் அடிக்கடி வருகிறது. எம்ஐடி கேட்பது ஒன்றே ஒன்று: பதிப்புரிமை வரியும் உரிம வாசகமும் நிரலோடு கூடவே போக வேண்டும். நாம் வெட்டி எறிவது சரியாக அந்த வரியைத்தான். காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தவர் தன் பெயரை மட்டும் விட்டுவைக்கச் சொல்கிறார், அதையும் அழிப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை. உரிமமே போடாத நிரலை எடுப்பது இன்னும் மோசம். பெரும்பாலான நாடுகளில் எழுதிய கணமே பதிப்புரிமை வந்துவிடுகிறது, அனுமதி தரப்படவில்லை என்றால் இல்லை என்றுதான் பொருள். அப்புறம், நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் பதில்கள். அவை கிரியேட்டிவ் காமன்ஸின் ‘பெயர் குறிப்பிடு, அதேபோல் பகிர்’ உரிமத்தில் வருகின்றன, எந்தப் பதிப்பு என்பது பதில் எழுதிய தேதியைப் பொறுத்தது. அதிலிருந்து யோசனையை எடுத்துக்கொண்டு நிரலை நாமே எழுதுவது நல்லது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. புல் ரிக்வெஸ்ட் (தன் நிரலைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி ஒருவர் அனுப்பும் கோரிக்கை) படிவத்தில் ஒரு கேள்வி சேருங்கள்: இதில் வேறு இடத்திலிருந்து எடுத்தது உண்டா, இருந்தால் எங்கிருந்து, எந்த கமிட், என்ன உரிமம்? கமிட் எண்ணை வலியுறுத்திக் கேட்கிறேன். மூலத்திட்டம் நாளைக்கு உரிமத்தை மாற்றினாலும் நாம் எடுத்தபோது என்ன இருந்தது என்று அதை வைத்துக் காட்டலாம். அங்கே ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தால் நம் நகலில் அது திறந்தே கிடக்கிறதா என்றும் உடனே தெரிந்துவிடும். எடுத்த கோப்பை முதல் கமிட்டில் ஓர் எழுத்துகூட மாற்றாமல் சேர்க்கட்டும், நம் திருத்தங்கள் இரண்டாவது கமிட்டில் வரட்டும். எது அவர்களுடையது, எது நம்முடையது என்று பத்து வருடம் கழித்தும் பிரித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் உரிமத்தைச் சொல்லும் எஸ்பிடிஎக்ஸ் வரி ஒன்று இருக்கட்டும். லினக்ஸ் கெர்னல் (அந்த இயங்குதளத்தின் மையப் பகுதி) 2017-இல் ஆயிரக்கணக்கான கோப்புகளில் இதைச் சேர்த்தது. நம்மிடம் இருப்பது முந்நூற்றுச் சொச்சம்.

புதிதாக வருகிறவர்கள் இந்தக் கேள்வியைப் பார்த்து மிரளுவார்களே என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கவலை. அதனால்தான் உரிமம் பொருந்துமா என்று முடிவு செய்யும் வேலையை அவர்கள் தலையில் கட்ட வேண்டாம் என்கிறேன். எடுத்த இடத்தை அவர்கள் சொன்னால் போதும், மீதியை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

தேதிக் கோப்புக்கான திருத்தத்தை நேற்று அனுப்பியிருக்கிறேன். நாலு பேருடைய பெயரும் நன்றிப் பட்டியலில் இருக்கிறது, மின்னஞ்சல் திரும்பி வந்தவருடையதும் சேர்த்துத்தான். படிவத்துக்கான மாற்றம் தனியாக இருக்கிறது. அடுத்த வெளியீட்டுக்குக் காத்திராமல் இந்த வாரமே இரண்டையும் பார்த்து இணைத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பங்களிப்பாளர்களில் ஒருவர்