பொங்கல் கலைமாலை: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். எல்லார் வீட்டிலும் பொங்கல் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இரண்டாம் பருவத் தேர்வைப் பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். மதிப்பெண் அட்டையில் இன்னும் கையெழுத்துப் போட்டு அனுப்பாதவர்கள் இந்த வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். கலைத் திருவிழாவில் வட்டார அளவில் பரிசு வாங்கியிருக்கிறோம். எட்டாம் வகுப்புக்குத் திறன் படிப்புதவித் தேர்வுக்கான மாலைப் பயிற்சி தொடர்கிறது. காலை உணவு, நூலகம், விளையாட்டு எல்லாம் குறையில்லாமல் நடக்கின்றன. உழைத்த ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பாராட்டுகள்.

அப்புறம், விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை நடந்த கலைமாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

அன்று மைதானத்தில் கூடிய கூட்டத்தை நீங்களே பார்த்தீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு எத்தனை முறை துண்டுச்சீட்டு அனுப்பினாலும் வராத அப்பாக்கள், வயல் வேலை முடித்து அப்படியே வந்த அம்மாக்கள், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த தாத்தாக்கள் என்று ஊரே வந்திருந்தது. சமத்துவப் பொங்கல் வைத்தோம், கோலாட்டம் நடந்தது, கடைசியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தெருக்கூத்து பாணியில் ஒரு சிறு நகைச்சுவைக் கூத்து ஆடினார்கள். வராதவர்களுக்காக அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பழைய புடவையை இரண்டு பிள்ளைகள் திரையாகப் பிடிக்க, அதற்குப் பின்னாலிருந்து கிரீடம் மட்டும் தெரிய ஆடிக்கொண்டே வருகிறார் நெகிழி மகாராஜா. கிரீடமும் புஜக்கட்டையும் அட்டையில் வெட்டி, மேலே பால் கவரும் பிஸ்கட் உறையும் ஒட்டிச் செய்தவை. கூத்தில் கேள்வி கேட்டுச் சிரிக்கவைக்கும் கட்டியக்காரன் முன்னால் வந்து, “மகாராஜா, தங்கள் அரண்மனை எங்கே இருக்கிறது?” என்று கேட்கிறான். “பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடுகிறதே ஓடை, அதுதான்” என்கிறார் ராஜா. “2019 ஜனவரி ஒன்றாம் தேதியே உங்களுக்குத் தடை போட்டு நாடு கடத்திவிட்டார்களே?” “ஆணை வந்தது, நான்தான் போகவில்லை. எனக்குக் கப்பம் கட்டாத வீடு இந்த ஊரில் உண்டா? கறிக்கடை கட்டுகிறது, டீக்கடை கட்டுகிறது, கல்யாண வீடு மூட்டை மூட்டையாகக் கட்டுகிறது!” கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் இருந்த பாட்டிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, கட்டியக்காரன் வேடம் போட்ட பையன் என் அறைக்கு வந்து, “ஆண்டு விழாவில் நான் நடிக்கலை” என்றான். காரணத்தைச் சொல்லவில்லை. வகுப்பாசிரியர் விசாரித்த பிறகுதான் தெரிந்தது. டீக்கடைப் பக்கம் போனவனைப் பெரியவர்கள் சிலர் நிறுத்தி, “எங்களைத்தானே சொன்னே? யார்டா உனக்குச் சொல்லிக்கொடுத்தது?” என்று கேட்டிருக்கிறார்கள். ராஜாவாக ஆடிய மாணவியை இனிமேல் ஒத்திகைக்கு அனுப்ப வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூடத் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிடும் பிள்ளை அது. அன்று ஊர் முழுக்கக் கேட்கும்படி வசனம் பேசியது.

யார் கேட்டார்கள் என்ற பெயர்களெல்லாம் எனக்கு வேண்டாம். ஒருவர் மனம் புண்பட்டிருந்தால் அது எனக்கும் வருத்தம்தான். கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும்போது எல்லாரும் சிரித்து, நம்மை மட்டும் திரும்பிப் பார்த்ததுபோல் தோன்றினால் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் எந்தக் கடையையும் குறிவைத்து அந்த வசனம் எழுதப்படவில்லை. சூழல் மன்றப் பிள்ளைகள் ஓடைக்கரையில் கிடந்த குப்பையை வகை பிரித்து எழுதிவைத்த பட்டியலிலிருந்து வந்தது அது. அந்தப் பட்டியலில் நம் பள்ளியின் குப்பையும் இருக்கிறது. “சத்துணவுக்கூடமும் எனக்குக் கப்பம் கட்டுகிறது” என்று அதே கூத்தில் ராஜா சொன்னது சிரிப்புச் சத்தத்தில் பலருக்குக் கேட்டிருக்காது.

கூத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் செய்யாறு பக்கத்துக்காரர்கள். தலைமுறை தலைமுறையாகக் கூத்து வளர்த்த புரிசை நமக்குப் பக்கத்து ஊர். அந்த மரபில் வந்த கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ அறிவித்தபோது நம் பள்ளிக் காலை வணக்கக் கூட்டத்தில் கைதட்டினோம். திரௌபதி அம்மன் கோயில் திடலில் பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். துரியோதனனையே நிற்கவைத்து “நீங்கள் யார், எந்த ஊர், என்ன வேலையாக வந்தீர்கள்?” என்று கேட்பவன் கட்டியக்காரன். அரசனுக்கு வாயில்காப்போன் அவன், ஊர்க்காரர்களுக்கு அவர்களில் ஒருவன். பாரதக் கதைக்கு நடுவில் நம் ஊர் ரோட்டையும் ரேஷன் கடையையும் இழுப்பான். ராஜா வேடக்காரர் கோபிப்பதில்லை, கீழே உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்களும் கோபிப்பதில்லை. கூத்து முடிந்து அவன் ஊருக்குப் போகிற வழியில் மறித்து யாரும் கேள்வி கேட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பெரியவர் போட்ட வேடத்துக்கு நாம் கொடுக்கும் இந்த இடத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டாமா?

பள்ளிக்கூடத்தில் எதற்கு இந்த வேலை, பாடம் நடத்தினால் போதாதா என்று ஓரிருவர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தந்த அறிவொளி இயக்கம் வேரூன்றியபோது, எழுத்துப் பலகைக்கு முன்னால் ஊருக்குள் போனது பாட்டும் வீதி நாடகமும்தான். சிரிக்க வந்து உட்கார்ந்த பெண்கள்தான் பிறகு கையெழுத்துப் போடவும் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். 2021இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோதும் கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய் ஆடிப்பாடித்தான் பிள்ளைகளைச் சேர்த்தன. உங்களில் சிலர் அதில் தன்னார்வலராக இருந்தவர்கள், உங்களுக்கே தெரியும். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் கிந்தனார் கதையைக் காலட்சேபமாகச் சொல்லி, படிப்பு எல்லாருக்கும் வேண்டும் என்று சிரிக்கச் சிரிக்க ஊருக்குள் இறக்கினார். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாள் இந்த வேலையைச் செய்யாது. ஓடையைப் பற்றி நாங்கள் எழுதிக்கொடுத்த மனுக்கள் கோப்பில் இருக்கின்றன. கூத்து நடந்த அன்று இரவோ, கேட்டுக்கு வெளியே நின்று ஓடையைப் பற்றியே நீங்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள். கழிப்பறைக் கதவு உடைந்திருப்பதை முதல் தடவையாகப் பார்த்த ஓர் அப்பா, மறுநாளே கீல் வாங்கிவந்து மாட்டிவிட்டுப் போனார்.

ஆகவே ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். மேடையில் ஒரு பிள்ளை பேசிய வசனத்துக்கு அந்தப் பிள்ளையைத் தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்பதை இந்தப் பள்ளி ஏற்காது. இன்னொரு முறை நடந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைப்பேன், தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்வேன். பிள்ளைகள் ஆடுகிற ஒவ்வொரு வசனத்துக்கும் பொறுப்பு நான். கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் அறையில்தான் இருப்பேன், கோபமாக வந்தாலும் உட்காரவைத்துப் பேசுவேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வரையறை எப்போதும் உண்டு. ஒருவருடைய நிறம், உடம்பு, சாதி, தொழில், திக்குவாய், வீட்டுக் கஷ்டம் இவற்றை வைத்துச் சிரிக்கவைக்கும் வசனம் நம் மேடையில் ஏறாது. சினிமாவில் பார்த்து அப்படி எழுதிக்கொண்டு வரும் பிள்ளைகளிடம், வேறு எழுதிவா என்று திருப்பிக் கொடுக்கிறோம். எல்லாருக்கும் பொதுவான ஊர்ப் பழக்கத்தைச் சொல்லிச் சிரிக்கலாம். அதில் நானும் உண்டு, ஆசிரியர்களும் உண்டு.

பிப்ரவரியில் ஆண்டு விழா. அதற்கான கூத்தின் வசனத்தை இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகளே படித்துக் காட்டுவார்கள். உறுப்பினராக இல்லாதவர்களும் வரலாம். ஒரு வரி உறுத்தினால் அங்கேயே சொல்லுங்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம். கட்டியக்காரனும் ராஜாவும் மறுபடி ஒத்திகைக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு அவர்களுடைய வீட்டாரின் சம்மதம் வேண்டும், அவர்களை நானே நேரில் வந்து பார்க்கிறேன். வழியில் அந்தப் பையனைப் பார்த்தால், “நல்லா நடிச்சேடா” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கலைமாலைக்கு மைக் செட் கொடுத்தவருக்கும், சுண்டல் செய்து தந்த சுய உதவிக் குழு அம்மாக்களுக்கும், பணம் வாங்காமல் வாரக்கணக்கில் வந்து பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுத்த கூத்து வாத்தியாருக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி. பொங்கல் முடிந்த கையோடு மண்வெட்டியும் சாக்குமாக வந்து ஓடையின் பள்ளிப் பக்கக் கரையைச் சுத்தம் செய்த இளைஞர்களுக்குத் தனியாக நன்றி. அள்ளிய குப்பையைக் கொண்டுபோக ஊராட்சியில் வண்டி கேட்டிருக்கிறேன். வந்ததும் சொல்லி அனுப்புகிறேன், ஆள் தேவைப்படும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி